தாத்தா எங்க போனாருன்னு குழந்தை கேட்டா: சாமி இல்லாம பதில் தேடறவங்களுக்கு

எங்கப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசு பட்டறையில 30 வருஷத்துக்கு மேல வேலை பாத்தவரு. அவருக்கு சாமி நம்பிக்கை கிடையாது, எனக்கும் கிடையாது, அதைப் பத்தி வீட்டுல பெருசா பேசிக்கிட்டதும் கிடையாது. அவரு போயி மூணாவது நாளு, என் பொண்ணுக்கு எட்டு வயசு, தலை வாரி விட்டுட்டு இருக்கேன், "அம்மா, தாத்தா இப்ப எங்க இருக்காரு"ன்னு கேக்குறா. பக்கத்துல உக்காந்திருந்த பெரியம்மா டக்குன்னு "சாமிகிட்ட போயிட்டாரு கண்ணு"ன்னு சொல்லிட்டாங்க. புள்ள திரும்பி என் மூஞ்சிய பாக்குது. எனக்கு வாய்ல ஒரு வார்த்தை வரல.

இருபது வருஷமா சாமி இல்லைன்னு தெளிவா இருந்தவதான் நான். ஆனா இல்லைன்னு சொல்லத்தான் தெரிஞ்சுதே தவிர, அந்த இடத்துல வேற என்ன வெக்கணும்னு யோசிச்சே வெக்கல. கோயிலுக்குப் போறவங்களுக்கு இந்த மாதிரி கேள்விக்கு ஒரு பதிலும் கையில இருக்கு, செய்யறதுக்கு ஒரு காரியமும் இருக்கு, யாரு எப்ப வரணும், என்ன சமைக்கணும், எத்தனாவது நாள் என்னன்னு எல்லாம் ஏற்கெனவே முடிவாகி இருக்கு. நமக்கு ரெண்டையும் நாமளே செஞ்சுக்கணும், அதுவும் யாருக்கும் எதுவும் ஆகாத சாதாரண நாள்லயே செஞ்சு வெச்சுக்கணும். அதை எப்படி செய்யறதுன்னு இந்த நாலு வருஷத்துல நான் தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன்.

முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க, சாதாரண 80 பக்க நோட்டு போதும். அதுல பிரபஞ்சம் ஏன் தோணுச்சுன்னு ஆரம்பிக்காதீங்க, உங்க வீட்டுல உண்மையிலேயே வர்ற கேள்விய எழுதுங்க. செத்தவங்க எங்க போனாங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி, நான் செத்தா என்ன ஆகும், எதுக்குத்தான் இந்த ஓட்டமெல்லாம், சாமி பயம் இல்லைன்னா யாரு ஒழுங்கா இருப்பா. என் நோட்டுல இந்த அஞ்சுதான் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் இடது பக்கம் நான் என்ன சொல்லுவேன், வலது பக்கம் நான் என்ன செய்வேன். வலது பக்கத்தை காலியா விட்டுடாதீங்க, சொல்றதுக்கு மட்டும் பதில் வெச்சிருந்தா சாவு வீட்டுல அது செல்லாது, நான் அனுபவிச்சிருக்கேன்.

குழந்தை கேள்விக்கு வர்றேன். மூணு பதில் சொல்லவே கூடாது. தாத்தா தூங்கறாருன்னு சொன்னா புள்ளைக்கு தூங்கறதுக்கே பயம் வந்துடும். ஊருக்குப் போயிருக்காருன்னு சொன்னா வாசலையே பாத்துட்டு இருக்கும். சாமி கூட்டிக்கிச்சுன்னு சொன்னா அடுத்து யாரைன்னு யோசிக்கும், என் பொண்ணு அன்னிக்கு ராத்திரியே "சாமி உன்னையும் கூட்டிக்குமா"ன்னு கேட்டா. அதனால செத்துப்போயிட்டாருங்கிற வார்த்தையவே சொல்லுங்க, குரலை மட்டும் மெதுவா வெச்சுக்கிட்டு. இதயம் நின்னுடுச்சு, மூச்சு விட முடியாது, இனிமே அவருக்கு பசிக்காது, குளிராது, வலிக்காதுன்னு உடம்பை வெச்சு சொல்லுங்க. வலிக்காதுங்கறது ரொம்ப முக்கியமுங்க. எரிச்சப்போ தாத்தாவுக்கு சுட்டிருக்குமான்னு என் பொண்ணு மனசுக்குள்ளயே வெச்சு மருகிட்டு இருந்திருக்கா, அது எனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

எங்க இருக்காருங்கிறதுக்கு என்ன சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் அவ கால்ல கிடந்த கொலுசைப் பாத்துத்தான் தோணுச்சு, எங்கப்பா செஞ்சு போட்டது. "நீ நடந்தா சத்தம் வருதுல்ல, நின்னுட்டா அந்த சத்தம் எங்க போகுது சொல்லு"ன்னேன். நாலு அடி நடந்தா, நின்னா, குனிஞ்சு கொலுசைப் பாத்தா, மறுபடியும் நடந்து பாத்தா. "எங்கயும் போகலம்மா, நின்னுடுச்சு"ன்னா. தாத்தாவும் அப்படித்தான் கண்ணுன்னு சொன்னேன். அப்பதான் முதல் தடவையா ஓன்னு அழுதா. நான் அழாதன்னு சொல்லல, மடியில போட்டுக்கிட்டேன், நானும் அழுதேன். இந்த உதாரணத்தையே நீங்களும் சொல்லணும்னு இல்ல, உங்க அப்பா தறி ஓட்டினவரா இருந்தா தறி சத்தம், லாரி ஓட்டினவரா இருந்தா என்ஜின், குழந்தை கையால தொட்டுப் பாத்த ஒண்ணா இருந்தா போதும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, ஒரு தடவை சொன்னா முடிஞ்சுடாது, அதே கேள்விய பத்து தடவை கேக்கும், பத்தாவது தடவையும் முதல் தடவை சொன்னதையே சொல்லுங்க. பதில் மாறிட்டே இருந்தா நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னு நினைச்சுக்கும்.

இந்த யோசனை ஏதோ நேத்து வந்ததுன்னு நினைக்காதீங்க. மணிமேகலையில 27ஆவது காதையில, வஞ்சி நகரத்துல ஒவ்வொரு சமயத்தாரா போயி கேக்குறப்போ கடைசியில பூதவாதின்னு ஒருத்தர் வர்றாரு. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மத்ததையும் சேத்தா கள்ளோட போதை எப்படி பிறக்குதோ, அந்த மாதிரி நிலம், தண்ணி, தீ, காத்துங்கிற பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்குது, மறுபிறவி, அதுல வினைய அனுபவிக்கிறதுங்கறதெல்லாம் பொய்ங்கறாரு. பூவுலயும் போதை இல்ல, வெல்லத்துலயும் இல்ல, சேர்ந்தாத்தான் வருது. மணிமேகலை அவரை ஏத்துக்கலைங்கறதையும் சொல்லிடணும், அது பௌத்த காப்பியம், அவ சிரிச்சுட்டு எதிர்க்கேள்வி கேட்டுட்டு போயிடறா. ஆனா அவரை ஒரு ஆளா மதிச்சு பேச விட்டிருக்காங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப பிடிக்கும். நம்ம மொழியில இந்த பதிலுக்கு அவ்வளவு வயசு இருக்கு.

இப்ப வலது பக்கம், செய்ய வேண்டியது. இதை நான் விரிவாவே சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுல இதுலதான் தப்பு நடந்துச்சு. அப்பா உயிரோட இருக்கறப்பவே உடம்பை மெடிக்கல் காலேஜுக்கு குடுத்துடுங்கன்னு ரெண்டு மூணு தடவை வாயால சொல்லியிருக்காரு. எழுதி வெக்கல, நாங்களும் கேட்டு எழுதி வாங்கல. ராத்திரி பதினோரு மணிக்கு போயிட்டாரு, விடியறதுக்குள்ள சொந்தக்காரங்க நிறைஞ்சுட்டாங்க, சித்தப்பா ஒத்துக்கவே இல்ல, அண்ணன் உடம்பை அறுக்கறதுக்கா குடுப்பீங்கன்னு அழறாரு, அந்த நேரத்துல அவருகிட்ட நான் என்ன வாதாட முடியும். அம்மாவும் கலங்கிட்டாங்க. கண்ணை மட்டும் குடுத்தோம், உடம்பை எரிவாயு தகனமேடைக்குத்தான் கொண்டு போனோம். அவரு கேட்டதை செய்ய முடியலையேன்னு இன்னைக்கும் எனக்கு இருக்கு.

அதனால நீங்க இதை இப்பவே செய்யுங்க. உடல் தானம்னா மெடிக்கல் காலேஜ்ல உடற்கூறியல் துறைன்னு இருக்கும், அங்க போயி கேட்டா ஃபார்ம் குடுப்பாங்க, நம்ம ஊர்ல 1986ல ஆரம்பிச்ச மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. நீங்க கையெழுத்து போடறது பாதி வேலைதான், உங்களுக்கு அப்புறம் வீட்டுல இருக்கறவங்க சம்மதிச்சாத்தான் நடக்கும், அதனால சாட்சி கையெழுத்தை எதிர்ப்பு சொல்லக்கூடிய ஆளுகிட்டயே வாங்குங்க. சித்தப்பாவோ மாமாவோ, அவங்களை உக்கார வெச்சு, ஏன் இப்படி ஆசைப்படறேன்னு உங்க வாயாலயே சொல்லுங்க, செத்தவன் பேச்சை மீறக்கூடாதுங்கிற மரியாதை நம்ம ஆளுங்களுக்கு இருக்கு, நேரா கேட்டிருந்தா அவங்களே முன்னாடி நின்னு செய்வாங்க. பொதுவா போஸ்ட்மார்ட்டம் ஆன உடம்பையும் சில தொத்து வியாதி இருக்கற உடம்பையும் எடுத்துக்க மாட்டாங்க, அதையும் வீட்டுல சொல்லி வெச்சுடுங்க, இல்லாட்டி அன்னிக்கு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு மனசு ஒடிஞ்சுடுவாங்க. வீட்டுல இறந்தா டாக்டர் வந்து பாத்து எழுதித் தர்ற சான்று முதல்ல வேணும், எந்த டாக்டரை கூப்பிடறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க. இறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும்.

கண்ணுக்கு நேரம் ரொம்ப கம்மி, ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். கண்ணை மூடி விட்டு, இமை மேல ஈரப்பஞ்சு வெச்சு, ஃபேனை நிறுத்திட்டு, தலைக்கு ஒரு தலைகாணி வெச்சு லேசா தூக்கி வெக்கணும், அப்புறம் கண் வங்கிக்கு போன் பண்ணா அவங்களே வீட்டுக்கு வருவாங்க. கண்ணாடி போட்டவங்க, சக்கரை இருக்கறவங்க, கண்புரை ஆபரேஷன் பண்ணுனவங்களும் குடுக்கலாம். முகம் அசிங்கமாயிடும்னு ஒரு பயம் இருக்கு, ஆகாது, எங்கப்பா முகத்தை அதுக்கப்புறம் ஊரே வந்து பாத்துச்சு, யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. நம்பரை பீரோ கதவு உள்பக்கம் ஒட்டி வெச்சுடுங்க. மூளைச்சாவுன்னு ஆஸ்பத்திரியில சொல்றப்போ செய்யற உறுப்பு தானம் தனி, 2023 செப்டம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல உறுப்பு தானம் செஞ்சவங்களுக்கு அரசு மரியாதையோட அடக்கம்.

அடுத்தது சடங்கு. எதை விடலாம், எதை வெச்சுக்கலாம்னு ஒண்ணொண்ணா எடுத்து பாருங்க, மொத்தமா தூக்கிப் போட்டா வீடு வெறிச்சோடிப் போயிடும். நான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விதான் கேட்டேன், இது யாருக்கு ஆறுதல், யாருக்கு அவமானம். கேதம் கேக்க வர்றது ஆறுதல், கோடித்துணி கொண்டு வர்றது மரியாதை, ஒப்பாரி பாடறது அழறதுக்கு ஒரு வழி, இதுல எல்லாம் சாமி எங்கயும் இல்ல, இருக்கட்டும். எங்க அத்தை ஒப்பாரியில அப்பா பட்டறையில ஊதுகுழல் ஊதி ஊதி கன்னம் ஒட்டிப் போனதை பாடினாங்க, ஒரு மந்திரமும் அதுக்கு பக்கத்துல வர முடியாது. ஆனா அம்மாவோட பொட்டை அழிச்சு பூவை எடுத்து வளையலை உடைக்கிற சடங்கு, அதை மட்டும் நடக்க விடவே கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். இதுக்கு ஒரு வழி சொல்றேன், கேட்டுக்கங்க. அதைத் தடுக்கறதுக்கு மகளோ மருமகளோ நிக்கக்கூடாது, செத்தவரோட கூடப்பிறந்த அக்காவோ தங்கச்சியோ நிக்கணும். நான் அத்தையை தனியா கூப்பிட்டு கால்ல விழாத குறையா கேட்டேன், அத்தை வாசல்லயே நின்னு "என் தம்பி கட்டின பொண்டாட்டி பொட்டை எவளும் தொடக்கூடாது"ன்னாங்க, அவ்வளவுதான், ஒருத்தரும் வாய் திறக்கல. அம்மா இன்னைக்கும் பொட்டு வெச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. சுடுகாட்டுக்கு பொம்பளைங்க வரக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் கிடையாது, நான் போனேன்.

கருமாதிக்கு பதிலா அதே பதினாறாம் நாள்லயே படத்திறப்பு வெச்சோம். தேதிய மாத்தாதீங்க, சொந்தக்காரங்க மனசு அந்த நாளுக்கு தயாரா இருக்கும். படத்துக்கு முன்னாடி அவரோட இடுக்கி, ஊதுகுழல், கடைசியா பாதி செஞ்சு வெச்சிருந்த ஒரு ஜோடி கொலுசு, இதை வெச்சோம். மூணு பேர் மட்டும் பேசணும், ஆளுக்கு அஞ்சு நிமிஷம், நல்ல மனுஷன்னு பொதுவா சொல்லாம அவரு செஞ்ச ஒரு காரியத்தை சொல்லணும்னு முன்னாடியே கேட்டுக்கிட்டோம். கூட வேலை பாத்த ஒருத்தர் எந்திரிச்சு, மொத முதல்ல வெள்ளிய சூடு காட்டி பத்த வெச்சு ஒட்ட கத்துக்கிட்டப்போ கையை சுட்டுக்கிட்டு நாலு நாள் வேலை செய்ய முடியல, அந்த நாலு நாள் கூலிய எங்கப்பா தன்னோடதுல இருந்து பிரிச்சு குடுத்தாருன்னு சொன்னாரு. எங்களுக்கே தெரியாது அது. அப்புறம் சாப்பாடு, வயிறு நிறைய, இதுல கை சுருக்காதீங்க. என்னடா இது புது பழக்கம்னு ஒரு பெரியவரு முனகினாரு, அதுக்கு இன்னொரு தாத்தாவே பதில் சொன்னாரு, 1944 ஆகஸ்ட் 27ல நீதிக்கட்சி மாநாடு நடந்து திராவிடர் கழகம்னு பேர் மாத்தினது இதே சேலத்துலதான், நம்ம ஊருக்கு இது பழசுப்பான்னு. கல்யாணத்துக்கும் இதே மாதிரி ஐயர் இல்லாம செய்யலாம், அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ 1967ல கொண்டு வந்த திருத்தத்துல இந்து திருமணச் சட்டத்துல 7ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, சொந்தக்காரங்க நண்பர்கள் முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கிறோம்னு புரியற மொழியில சொல்லி மாலை மாத்தினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ செல்லும். வேற வேற மதம்னா 1954ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம், அதுக்கு 30 நாள் நோட்டீஸ்.

ரெண்டாவது கேள்வி, எனக்கு மட்டும் ஏன். இதுலதான் சாமி இல்லாத பதில் எவ்வளவு இரக்கமானதுன்னு நான் கண்ணால பாத்தேன். எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு உதடு பிளந்து குழந்தை பிறந்துச்சு. ஏழாவது மாசத்துல கிரகணத்தன்னிக்கு காய் நறுக்கினா, அதான் இப்படின்னு மாமியார் வீட்டுல எல்லாரும் சொல்றாங்க, அதுவும் நம்பிட்டு தன் கையையே பாத்து பாத்து அழுது. நான் உக்காந்து தேதிய கணக்கு போட்டு காட்டினேன். குழந்தையோட மேலுதடு கர்ப்பத்துல ஏழு வாரத்துக்குள்ளயே சேர்ந்து முடிஞ்சுடுது, நிறைய பேருக்கு கர்ப்பம்னு தெரியறதே அந்த சமயத்துலதான். ஏழாவது மாசம் நீ கத்தரிக்கா நறுக்கினப்போ உன் புள்ள உதடு எப்பவோ முடிவாகி அஞ்சு மாசம் ஆயிருந்துச்சு. மரபணு, இன்னும் சில காரணங்க எல்லாம் சேர்ந்து வர்றது, நிறைய குழந்தைங்களுக்கு இதுதான் காரணம்னு டாக்டராலயே தனியா சொல்ல முடியாது, நீ செஞ்ச தப்பு இதுல ஒண்ணுமே இல்லன்னேன். அந்த பொண்ணு என் கையை பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள உதட்டுக்கு ஆபரேஷன் பண்ணிடுவாங்க, பண்ணினாங்க, இப்ப அந்தப் பையன் தெருவையே ரெண்டாக்கறான்.

ஏன்ங்கிற கேள்வி வந்தா அதை மூணா உடைங்க. எப்படி நடந்துச்சு, இதுல யாராவது செஞ்ச தப்பு இருக்கா, இனி என்ன செய்யலாம். முதல் கேள்விக்கு டாக்டரோ மெக்கானிக்கோ பதில் சொல்லட்டும். ரெண்டாவதை விட்டுடாதீங்க, ரோட்டுக் குழியில விழுந்து ஒருத்தர் செத்தா விதின்னு சொல்லிட்டா குழிய மூட வேண்டியவங்க நிம்மதியா தூங்கிடுவாங்க. போன ஜென்மத்து பாவம்ங்கிற பதில்ல எனக்கு இருக்கற பெரிய கோவமே இதுதான், அடிபட்டவங்க தலையிலயே பழிய தூக்கி வெக்குது. யாரு மேலயும் தப்பு இல்லாமலும் கெட்டது நடக்கும், அப்ப ஏன்ங்கிறதுக்கு பதில் இல்லைன்னு தைரியமா சொல்லிட்டு மூணாவதுக்கு போயிடுங்க.

புறநானூறு 194ஆவது பாட்டு, பக்குடுக்கை நன்கணியாருன்னு ஒரு புலவர் பாடினது, இதையேதான் பாடறாரு. ஒரு வீட்டுல சாவுப்பறை, இன்னொரு வீட்டுல கல்யாண முழவு, சேர்ந்தவங்க பூ வெச்சிருக்காங்க, பிரிஞ்சவங்க கண்ணுல தண்ணி. இப்படி உலகத்தைப் படைச்சவன் பண்பு இல்லாதவன்னே சொல்லிட்டு, "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்பு உணர்ந்தோரே"ன்னு முடிக்கிறாரு. அப்பா போன அன்னிக்கு எங்க தெருவுக்கு பின்னாடி தெருவுல வளைகாப்பு, மைக் செட்டை அவங்களா நிறுத்திட்டாங்க. அதுதான் நான் பாத்த இனியது, அந்த வீட்டுக்காரம்மாவுக்கு இந்தப் பாட்டு தெரிஞ்சிருக்காது. கணியன் பூங்குன்றனார் பாட்டோட முதல் வரிய மட்டும் எல்லா மேடையிலயும் சொல்றோம், இந்த 194ஐ வீட்டு சுவத்துல எழுதி வெக்கலாம்னு எனக்கு தோணும்.

நான் செத்தா என்ன ஆகும்ங்கிற பயம் ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், எனக்கு வந்திருக்கு. கிரேக்கத்துல எபிகியூரஸ்னு ஒருத்தர், கி.மு. 341ல இருந்து 270 வரைக்கும் வாழ்ந்தவரு, நாம இருக்கற வரைக்கும் சாவு இல்ல, சாவு வந்தப்போ நாம இல்லைன்னு சொன்னாரு. இதை நம்ம ஊரு கணக்குல நான் இப்படி போட்டுக்குவேன், 1934ல மேட்டூர் டேம் கட்டி முடிச்சப்போ நான் இல்ல, அது எனக்கு வலிக்கல, 2134ல டேம் எப்படி இருந்தாலும் நான் இருக்க மாட்டேன், அதுவும் வலிக்காது. பாதி பயம் இதுலயே போயிடும். மீதி பாதி நம்ம சாவைப் பத்தினது இல்ல, விட்டுட்டு போறவங்களைப் பத்தினது, அதுக்கு தத்துவம் உதவாது, இன்ஷூரன்ஸ் பேப்பரும் வங்கிக் கணக்குல நாமினி பேரும்தான் உதவும், அதை வலது பக்கத்துல எழுதி முடிச்சுடுங்க. எபிகியூரஸ் சாகற அன்னிக்கு நீர்க்கடுப்பு வலியில துடிச்சுக்கிட்டே ஒரு நண்பருக்கு கடுதாசி எழுதினாரு, நாம பேசிக்கிட்ட பேச்சை நினைச்சுக்கிட்ட சந்தோஷம் இந்த வலிக்கு எதிரா நிக்குதுன்னு. அந்த மாதிரி நினைச்சுக்கறதுக்கு நாலு பேச்சை சேத்து வெக்கணும்னா இப்பவே பேசணும்.

எதுக்கு வாழறோம்ங்கிற கேள்விக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. தூக்கம் போயி, சாப்பாடு இறங்காம, செத்துடலாம்னு நினைப்போட இந்த கேள்வி வந்தா அது தத்துவம் இல்லீங்க, உடம்பு காய்ச்சல் மாதிரி மனசு நோவு, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண் இருக்கு, 14416க்கு கூப்பிடுங்க, எந்த நேரமும் எடுப்பாங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாய் விட்டு சொல்லுங்க. மத்தபடி சாதாரணமா வர்ற கேள்வின்னா நான் ஏற்காடு போயிடுவேன். விடியக்காலை முதல் பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, அங்கிருந்து சேர்வராயன் கோயில் மேட்டுக்கு, 5,300 அடிக்கு மேல. அங்க உக்கார்ற பாறை சார்னோக்கைட், இந்தப் பகுதி பாறைங்களுக்கு சுமார் 250 கோடி வருஷம் வயசு. அந்தப் பேரு கல்கத்தாவுல ஜாப் சார்னாக்குங்கிற வெள்ளைக்காரரோட கல்லறைக் கல்லுல இருந்து வந்தது, அந்தக் கல்லு போனது நம்ம மெட்ராஸ் பக்கத்துல இருந்து. 250 கோடி வருஷத்துல எங்கப்பாவோட 71 வருஷம் என்னன்னு ஒரு நாள் அங்க உக்காந்து அழுதிருக்கேன். ஆனா அந்தப் பாறைக்கு யாரு கையும் சுடல, யாரு கூலியும் பிரிச்சுக் குடுக்கல, அப்பாவாலதான் அது முடிஞ்சுது. அர்த்தம்னு ஒண்ணு எங்கயோ கல்லுக்கு அடியில கிடக்குது தோண்டி எடுக்கணும்னு நான் நினைக்கறதை அன்னிக்கே விட்டுட்டேன். இப்ப வாரத்துக்கு ஒரு தடவை நோட்டுல ரெண்டு வரி எழுதுவேன், இந்த வாரம் எந்த வேலையில மணி பாக்க மறந்தேன், என்னால யாருக்கு ஒரு கஷ்டம் குறைஞ்சுது. ஆறு மாசம் எழுதிட்டு திருப்பி படிச்சீங்கன்னா உங்க வாழ்க்கை எதுக்குன்னு உங்க கையெழுத்துலயே இருக்கும். எனக்கு அதுல அதிகமா வந்தது பக்கத்து வீட்டு புள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்தது, நானே எதிர்பாக்கல.

சாமி பயம் இல்லைன்னா ஒழுக்கம் எப்படின்னு கேக்கறவங்களுக்கு நான் ரொம்ப பேசறது இல்ல. பட்டறையில வெள்ளிய எடை போட்டுக் குடுத்து எடை போட்டு வாங்குவாங்க, சேதாரம்னு கொஞ்சம் கழிப்பாங்க, அந்த சேதாரத்துல யாருக்கும் தெரியாம எடுக்கலாம், அப்பா கீழ சிந்தின தூளைக் கூட துடைப்பத்துல கூட்டி திருப்பிக் குடுப்பாரு. பயந்து இல்ல, குடுத்தவனும் கடன் வாங்கித்தான் வெள்ளி வாங்கியிருப்பான்னு சொல்லுவாரு.

நம்பிக்கை இருக்கறவங்களோட எப்படி இருக்கறதுங்கறது தனியா கத்துக்க வேண்டிய வேலை. துக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாதம் பண்ணவே பண்ணாதீங்க, சாமி பாத்துக்கும்னு ஒருத்தர் சொன்னா நானும் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு போய் பாத்துக்கங்க. உங்களை கேலி பண்ணினா மட்டும் நிமிர்ந்து பதில் சொல்லுங்க, அரசியலமைப்புச் சட்டத்துல 51ஏ பிரிவுல அறிவியல் மனப்பான்மையும் மனிதநேயமும் கேள்வி கேக்கற குணமும் ஒவ்வொரு குடிமகனோட கடமைன்னே இருக்கு, 1976ல 42ஆவது திருத்தத்துல சேத்தாங்க. தனியா இருந்து இதெல்லாம் யோசிச்சா மனசு இறுகிப் போயிடும், அதனால நாலு பேரையாவது சேருங்க. நாங்க ஆறு பேர், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம், கன்னங்குறிச்சி மூக்கனேரி கரையில, ஊர்க்காரங்க சேர்ந்து மீட்டெடுத்த ஏரி அது, நடுவுல இருக்கற திட்டுல பறவைங்க வந்து அடையற நேரம். ஒரு மாசத்துக்கு ஒரு கேள்விதான், ஒருத்தர் பேசறப்போ குறுக்க பேசக்கூடாது, படிச்சதை சொல்லாம தனக்கு நடந்ததை சொல்லணும். எங்கள்ல ரெண்டு பேருக்கு சாமி நம்பிக்கை உண்டு, அவங்க இருக்கறதுதான் நல்லது, இல்லாட்டி எல்லாரும் ஒரே பாட்டு பாடிட்டு கலைஞ்சுடுவோம். முடிச்சுட்டு தட்டுவடை செட் சாப்பிட்டு, அந்த வாரம் யாரு வீட்டுல உடம்பு முடியலையோ அங்க போயிட்டுத்தான் வீட்டுக்கு.

போன ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அம்மாவை நான்தான் கூட்டிட்டு போனேன், வருஷா வருஷம் போறதுதான், கூட்டத்துல அவங்க கையை பிடிச்சுக்கிட்டு நிப்பேன், கும்பிட மாட்டேன், அவங்களும் கேக்க மாட்டாங்க. திரும்பி வந்து அந்த நோட்டை எடுத்து அவங்க முன்னாடி வெச்சேன். என் பக்கத்துல உடல் தானம், கண், படத்திறப்பு எல்லாம் எழுதி கையெழுத்து போட்டிருக்கேன், உங்களுக்கு என்னம்மா வேணும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொன்னாங்க, நான் எழுதிக்கிட்டேன். மஞ்ச தேச்சு குளிப்பாட்டணும், மாரியம்மன் குங்குமம் வெக்கணும், கல்யாணப் புடவை, பெரிய பானையில பொங்கல், பதினாறாம் நாள் ஐயர் வரணும், அப்பா படத்துக்கு பக்கத்துல படம். அத்தனையும் செய்யறேன்னு அதுக்கு கீழ நான் கையெழுத்து போட்டேன். சாட்சிக்கு சித்தப்பா போட்டாரு.